நீர்ப் பட்டியல் உயரும்போது: சந்தேகிக்கும் முன் சரிபார்ப்போம்



ஒரு வீட்டின் நிம்மதியைக் குலைக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. படலையில் செருகிவிட்டுச் செல்லப்படும் ஒரு துண்டுத் தாள் போதும். வழக்கமாக வரும் தொகையைப் போல் மூன்று, நான்கு மடங்கு அதில் அச்சிடப்பட்டிருந்தால், அன்றைய தினம் அவ்வீட்டில் முதலில் எழும் கேள்வி எதனால் என்பதன்று, யாரால் என்பதே. அண்மைக் காலத்தில் எமது ஊர்களில் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியால் மனஸ்தாபப்பட்டதை நாம் அறிவோம். எமது வீட்டுக்கும் அத்தகைய ஒரு பட்டியல் வந்தது. அதனை முன்வைத்துச் சில விடயங்களைப் பகிர்ந்துகொள்வது பயனுள்ளதாக அமையும் எனக் கருதுகின்றோம்.

கிழக்கிலங்கையின் கரையோரத்தில் வாழும் எமக்கு நீரை அளந்து பணம் கொடுப்பது புதிய பழக்கமே. எமது பெற்றோரின் காலத்தில் வளவுக்கு வளவு மணற்கிணறு இருந்தது. எவ்வளவு இறைத்தோம் என எவரும் கணக்கு வைக்கவில்லை; கை சலித்தால் வாளியைக் கவிழ்த்துவைத்தார்கள். 2004ஆம் ஆண்டின் கடற்கோளில் கரையோரக் கிணறுகள் உவர்நீர் புகுந்து பாழாயின. இன்று எமது குழாய்களில் வரும் நீர் அம்பாறைப் பக்கம் கொண்டவட்டுவானில் சுத்திகரிக்கப்பட்டு, நெடுந்தூரம் பயணித்து எம்மை அடைகிறது. அதனைச் சுத்திகரிக்கவும் ஏற்றி அனுப்பவும் செலவு உண்டு. அந்தச் செலவில் எமது பங்கைக் குறித்துச் சொல்வதற்காகவே மதிலோரம் நீர்மானி பொருத்தப்பட்டிருக்கிறது.

இந்நாட்டில் 2012ஆம் ஆண்டிற்குப் பின் பத்தாண்டுகள் நீர்க்கட்டணம் பெரிதாக மாறவில்லை. 2022 செப்டெம்பரில் உயர்ந்தது. 2023 ஆகஸ்டில் மீண்டும் உயர்ந்தது. ஓர் அலகு என்பது ஆயிரம் லீற்றர். எல்லா அலகுகளுக்கும் ஒரே விலை இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் ஐந்து அலகுகள் மலிவானவை. அதற்கு மேல் படிப்படியாக ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். அதனுடன் மாதாந்தச் சேவைக் கட்டணமும் ஏறும். ஆகவே பாவனை இரு மடங்கானால் பணமும் இரு மடங்கோடு நின்றுவிடாது. உயரும் பட்டியலைக் கண்டு கணக்கில் பிழை என முதலில் எண்ணத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியல் வந்த மாதம்

எமது வீட்டின் கீழ்த்தளத்தில் நாம் இருக்கின்றோம். மேல்தளத்தில் வாடகைக்கு ஒரு குடும்பம். கணவர் வளைகுடா நாடொன்றில் தொழில் செய்கிறார். தாயும் மூன்று சிறு பிள்ளைகளும் இங்கே. இரு வீட்டுக்கும் நீர்மானி ஒன்றே. மூன்றில் ஒரு பங்கை அவர்கள் தருவது என்பது ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொண்ட உடன்பாடு. மாதாமாதம் 24 அலகு அளவில் வரும்; தொகை 3,000 ரூபாயை ஒட்டியிருக்கும். கடந்த ரமழானுக்குப் பின் வந்த பட்டியலில் 61 அலகுகள் என்றிருந்தது. தொகை 12,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. மத்ரஸாவில் கற்பிப்பவரின் மாதக் கொடுப்பனவில் இது சிறு தொகையன்று. பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் மருந்துச் செலவும் அதற்குள்ளிருந்தே பிரிய வேண்டும்.

அன்று மாலை வந்திருந்த உறவினர் ஒருவர் தாளைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புக் கூறிவிட்டார்:

"மேல் வீட்டிலதான் மச்சான். கைப்பிள்ளை இருக்கிற வீடு. ஓயாமத் தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. இந்த மாசம் பாதிக்குப் பாதி கேளுங்க."

அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. எம்மீது கொண்ட பரிவினால் சொன்னார். ஆயினும் அவர் கையில் இருந்தது ஒரு தொகையும் ஓர் ஊகமுமே. செய்தியொன்று கிடைத்தால் அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதிருக்கும்பொருட்டு அதனைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. அதே அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம் ஊகங்களில் சில பாவமாகும் என எச்சரிக்கிறது. இவ்வசனங்களை நாம் போர், அரசியல், சமூக ஊடகச் செய்திகள் ஆகியவற்றைப் பேசும்போது எடுத்தோதுகின்றோம். வீட்டு நீர்ப் பட்டியலுக்கும் அவை பொருந்தும். கணவர் அருகில் இல்லாத ஒரு பெண்ணின் வாசலில் நின்று தண்ணீரை வீணாக்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டால், பின்னர் உண்மை வேறாகத் தெரியவந்தாலும் அச்சொல்லைத் திரும்ப எடுக்க இயலாது.

அவருக்கும் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. மறுநாள் காலை மகனைக் கீழே அனுப்பிச் சொல்லியிருந்தார்: "மௌலவி, நாங்க கூடப் பாவிச்சிருந்தா கணக்குப் பார்த்துச் சொல்லுங்க, தாறோம்." கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள் என்ற அந்த ஒரு வார்த்தை எம்மேல் ஒரு கடமையைச் சுமத்தியது.

நீர்மானியிடம் கேட்டோம்

கணக்குப் பார்ப்பதற்கு முறை உண்டு. வாசகர்களுக்கும் உதவும் என்பதால் ஒழுங்காகவே கூறுகின்றோம்.

முதலில், பட்டியலில் உள்ள வாசிப்பையும் நீர்மானியில் உள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும். நீர்மானியில் கறுப்பு இலக்கங்கள் அலகுகளைக் காட்டும். சிவப்பில் இருப்பவை அலகின் பின்னங்கள். ஓர் இலக்கம் மாறி எழுதப்பட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, இரு வாசிப்புகளுக்கும் இடையில் எத்தனை நாட்கள் எனப் பார்க்க வேண்டும். நாட்கள் கூடினால் அலகும் கூடும். எமது பட்டியலில் இலக்கம் சரியாகவே இருந்தது. நாட்கள் 31. எனவே வாசித்தவர்மீது குறையில்லை.

இரண்டாவது, இரவுச் சோதனை. மேல்நிலைத் தாங்கி நிரம்பியபின், இரு வீட்டாரும் பாவனையை முடித்துக்கொண்டபின், இரவு 10 மணிக்கு நீர்மானியின் எண்ணைச் சிவப்பு இலக்கங்களுடன் குறித்துக்கொண்டோம். மேல் வீட்டாரிடமும் சொல்லிவைத்தோம். அதிகாலை 4.30 மணிக்கு, எவரும் வுழூவுக்கு எழும் முன் மீண்டும் பார்த்தோம். இரு வீடும் உறங்கிய ஆறரை மணி நேரத்தில் 320 லீற்றருக்குச் சற்று அதிகமாக நீர் ஓடியிருந்தது. நீர்மானியின் நடுவிலுள்ள சிறு சக்கரம் மெதுவாக, நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது.

மூன்றாவது, மலசலகூடத் தண்ணீர்ப் பெட்டிகள். பல வீடுகளில் குற்றவாளி அங்கேதான் இருப்பான். பெட்டிக்குள் சிறிது கேசரிப் பொடியைக் கரைத்துவிட்டு, கால்மணி நேரம் நீரை இறக்காமல் விட்டால், கசிவு இருப்பின் நிறம் கீழே இறங்கிவிடும். தாங்கியின் மிதவை பழுதாகி, வழிகுழாயால் நீர் சொட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எமது வீட்டில் இரண்டிலும் குறையில்லை.

நான்காவது, ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்ப்பது. மேல்தளத்திற்குப் போகும் வால்வை மூடினோம்; சக்கரம் சுழன்றது. தாங்கிக்கு ஏறும் வால்வை மூடினோம், சுழன்றது. இறுதியாக, குழாய் வீட்டுக்குள் நுழையும் குசினிச் சுவரோரத்து வால்வையும் மூடினோம். அப்போதும் சுழன்றது. அதாவது, நீர் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. மதிலோரத்து நீர்மானிக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில், நடைபாதையின் கீழே எங்கோ போய்க்கொண்டிருந்தது.

குழாய் வேலை தெரிந்த ஒருவரை அழைத்துத் தோண்டச் செய்தோம். இரண்டாவது குழியில் பொருத்தொன்று விலகியிருந்தது தெரிந்தது. களிமண் நிலமாயின் மேலே ஈரம் கசிந்து காட்டிக்கொடுத்திருக்கும். எமது நிலம் கடற்கரை மணல். எவ்வளவு நீரையும் ஓசையின்றி உறிஞ்சிவிடும். இரவில் உறங்குமுன் நாம் ஓதும் அல்-முல்க் அத்தியாயத்தின் இறுதி வசனம், உங்கள் நீர் நிலத்தினுள் போய்விட்டால் ஊற்றெடுத்தோடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவன் யார் எனக் கேட்கிறது. பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு விளக்கிவரும் வசனம் அது. அந்தக் குழியின் ஓரத்தில் நின்றபோது அதன் பொருள் எமக்கு இன்னும் நெருங்கி வந்தது.

அக்கசிவைக் கணக்கிட்டுப் பார்த்தோம். மேலதிகமாக வந்தவை 37 அலகுகள்; 37,000 லீற்றர். 31 நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 1,200 லீற்றர். நிமிடத்திற்கு முக்கால் லீற்றரைச் சற்றுத் தாண்டும். ஒரு குவளை நீர்கூட ஒரே நேரத்தில் கொட்டவில்லை. அந்தச் சிறு கசிவுதான் இரு குடும்பங்களுக்கிடையே பகையை விதைக்கப் போதுமாக இருந்தது.

பொறுப்பு யாருடையது?

நீர்மானி வரையுள்ள குழாய் வழங்குநரின் பொறுப்பு. நீர்மானிக்கு இப்பாலுள்ளது பாவனையாளரின் பொறுப்பு. இப்பாலுள்ள குழாய் மேல் வீட்டாருடையதா? இல்லை. வாடகைக்கு விட்ட பொருளின் பழுதைத் திருத்தும் செலவு வாடகைக்கு இருப்பவர்மீது சாராது என்பதே ஃபிக்ஹ் நூல்கள் காட்டும் வழி. அவர் நீரைப் பாவித்ததற்கே பங்கு தர உடன்பட்டார். மணல் குடித்த நீருக்கு அன்று. ஆகவே வழமையான 24 அலகுக்குரிய தொகையில் மூன்றிலொன்றை மட்டும் பெற்றுக்கொண்டோம். மீதியும் திருத்தச் செலவும் வீட்டுரிமையாளர் என்ற வகையில் எம்மைச் சேர்ந்தன.

திருத்தியபின் புகைப்படங்களையும் இரு இரவுகளின் வாசிப்புகளையும் இணைத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். தொகையைத் தவணைகளில் செலுத்த அனுமதி கிடைத்தது. பிரச்சினை வந்ததும் கருமபீடத்தில் நிற்கும் ஊழியரிடம் குரலுயர்த்துவோரைக் காண்கின்றோம். அந்த ஊழியர் கட்டண விகிதத்தைத் தீர்மானித்தவர் அல்லர். எழுதிய குறிப்போடு செல்பவரின் பேச்சுக்கு எங்கும் மதிப்புண்டு. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி அல்-பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனம் கற்பிப்பதன் நன்மை இத்தகைய சிறு காரியங்களிலும் வெளிப்படுகிறது. இப்போது மாதத்தின் முதல் வெள்ளியன்று நீர்மானியின் எண்ணை நாட்காட்டியில் குறித்துவைக்கின்றோம். அதனை எழுதும் பணி மேல் வீட்டுப் பையனுக்கு.

குறுக்கு வழி

தோண்டிக்கொண்டிருந்த வேளையில் வழியால் வந்த ஒருவர் தாழ்ந்த குரலில் ஓர் ஆலோசனை சொன்னார். நீர்மானிக்கு முன்னாலேயே ஒரு கிளைக் குழாயைப் பொருத்திவிட்டால் பாதி நீர் கணக்கில் வராதாம். வாழ்க்கைச் செலவு நெருக்கும் காலத்தில் இவ்வாறான பேச்சுகள் பரவுவது ஆச்சரியமன்று. ஆனால் இதனைச் சாமர்த்தியம் எனக் கருதும் மனநிலை எம்மிடையே வளரக்கூடாது.

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்போருக்குக் கேடு என அல்-முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. அதனைச் சந்தை வியாபாரிக்கு மட்டுமான எச்சரிக்கையாக நாம் ஒதுக்கிவிடுகின்றோம். நீர்மானியும் ஓர் அளவைதானே? மேலும், அபகரிக்கப்பட்ட நீரால் செய்யும் வுழூவைப் பற்றி எமது சட்ட அறிஞர்கள் தனியே ஆராய்ந்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபும் பெரும்பான்மை அறிஞரும், வுழூ நிறைவேறும், ஆனால் செய்தவர் பாவியாவார் என்கின்றனர். ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கருத்தின்படி அந்த வுழூவே செல்லாது. தொழுகைக்கான திறவுகோலையே சந்தேகத்துக்குள்ளாக்கும் ஒரு சேமிப்பு எத்தனை ஆயிரம் ரூபாய் பெறும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

கட்டணம் கூடியிருப்பது உண்மை. ஏழைகளுக்கு அது பாரம் என்பதும் உண்மை. அதனை உரிய இடத்தில் எடுத்துரைப்பது எமது உரிமை. ஒளித்துக் குழாய் பொருத்துவது அந்த உரிமையில் அடங்காது. ஒருவர் செலுத்தாத நீரின் செலவு இறுதியில் நேர்மையாகச் செலுத்தும் அடுத்த வீட்டாரின் தலையிலேயே விழும்.

வுழூவின் அளவு

கசிவு அடைபட்டபின் மற்றொரு கேள்வி எஞ்சியது. அந்த 24 அலகில் எவ்வளவு எமக்கு உண்மையில் தேவையானது?

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்வார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்ற கருத்தில் அனஸ் (ரழி) அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் கணிப்பில் ஒரு முத்து முக்கால் லீற்றரை ஒட்டிய அளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. எமது நிலத்தடிக் கசிவோ நிமிடத்துக்கு ஒரு முத்துக்கும் மேல். அந்த ஒரு மாதத்தில் மணலுக்குள் போனது 49,000க்கும் மேற்பட்ட வுழூக்களுக்குப் போதுமான நீர்.

மத்ரஸாவில் மாணவர்களுடன் ஒரு சோதனை செய்தோம். குழாயின் கீழ் வாளியை வைத்து, வழக்கம்போல் வுழூச் செய்யும்படி ஒரு மாணவரிடம் கூறினோம். வாளியில் விழுந்தது ஏறத்தாழ 7 லீற்றர். அதே மாணவர் கெண்டியில் நீரெடுத்து, மும்மூன்று தடவை முறையாகக் கழுவியபோது ஒன்றரை லீற்றர் போதுமானதாயிற்று. தங்கிப் படிக்கும் மாணவர் அறுபது பேர். ஐந்து வேளைக்கு 300 வுழூக்கள். மிச்சமாகக்கூடியது நாளொன்றுக்கு 1,650 லீற்றர். கரும்பலகையில் இந்தப் பெருக்கலை மாணவர்களே செய்தார்கள். எமது அறிவுரையைவிட அந்த விடை அவர்களிடம் கூடுதலாக வேலை செய்தது.

வுழூவைப் பற்றிக் கேட்ட நாட்டுப்புற அரபி ஒருவருக்கு நபியவர்கள் மும்மூன்று தடவை கழுவிக் காட்டி, இதைவிட அதிகப்படுத்தியவர் வரம்பு மீறிவிட்டார் எனும் கருத்தில் கூறியதாக அபூதாவூதிலும் நஸாயியிலும் பதிவாகியுள்ளது. ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என ஸஅத் (ரழி) அவர்களிடம் கூறப்பட்டதாக இப்னு மாஜாவில் இடம்பெறும் செய்தி எம்மிடையே பிரபலமானது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென ஹதீஸ்கலை அறிஞர்கள் குறிப்பிட்டுள்ளனர். எனினும் அதன் கருத்து நிலையானதே. கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயமாக்குவது தடுக்கப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டிருப்பதை இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிமின் விரிவுரையில் எழுதியுள்ளார்கள். கை நனைந்ததா, கால் நனைந்ததா எனத் திரும்பத் திரும்பக் கழுவும் சகோதரர்கள் அதனைப் பேணுதல் எனக் கருதுகிறார்கள். அது வஸ்வாஸ், ஷைத்தானின் ஊசலாட்டம் என்றே முன்னோர்கள் எச்சரித்தார்கள்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பட்டியல் உயர்ந்ததும் சில வீடுகளில் ஆண்கள் குசினி வாசலில் நின்று ஒவ்வொரு குவளைக்கும் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். சமைப்பதும், கழுவுவதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் முழு வீட்டுக்குமான பணிகள். அப்பணிகளைச் செய்பவரிடம் மட்டும் கணக்குக் கேட்பது நீதியன்று. சைக்கிளையும் முச்சக்கரவண்டியையும் குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அதேபோல், பாதையோரத்தில் தாகத்தோடு வருபவருக்கு நீர் மறுப்பதும் சிக்கனமாகாது. நீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் தம் பணத்தில் வாங்கி முஸ்லிம்களுக்குப் பொதுவாக்கினார்கள். எமது மதிலோரம் வைத்திருக்கும் குடிநீர்ப் பானை அந்த மாதத்திலும் எடுக்கப்படவில்லை. அன்றாடம் அதற்குத் தேவைப்படுவது இருபது லீற்றர். நிலத்தடிக் கசிவோ அதனை அரைமணி நேரத்துக்குள் விழுங்கிவிடும். கொடுத்த நீர் ஒருவரின் தாகத்தைத் தீர்த்தது. கசிந்த நீர் எவருக்கும் பயன்படவில்லை.

ஆகவே வாசகர்களே, அடுத்த மாதம் உங்கள் படலையில் எதிர்பாராத ஒரு தொகை செருகப்பட்டிருந்தால், அதனைக் கையிலெடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போகாதீர்கள், நீர்மானிக்குப் போங்கள். ஓர் இரவு பொறுத்து இரு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாவித்த நீருக்கு முழுமையாகச் செலுத்துங்கள். பாவிக்காத நீருக்குச் சான்றோடு முறையிடுங்கள்.

யா அல்லாஹ், நீ அருளிய நீரில் எமக்குப் பரக்கத் செய்வாயாக. அதனை விரயமாக்குவதிலிருந்தும், அதன் பொருட்டு அயலாரை நோகடிப்பதிலிருந்தும், அளவையில் மோசடி செய்வதிலிருந்தும் எம் அனைவரையும் காப்பாயாக. ஆமீன்.